தொலைந்த கன்னியர் மடத்தைத் தேட: ஏடா, கருவியா, மண்வெட்டியா?

ஸ்காட்லாந்தின் தென்கிழக்குக் கரையில் செயின்ட் ஆப்ஸ் ஹெட் என்றொரு பாறை முனை கடலுக்குள் நீண்டு நிற்கிறது. நார்த்தம்பிரியா என்ற பழைய ஆங்கிலேய அரசின் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஏபே என்ற பெண் 7ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்தில்தான் ஒரு மடத்தை நடத்தினார். கன்னியரும் ஆண் துறவியரும் ஒரே தலைவியின் கீழ் வாழ்ந்த இரட்டை மடம் அது. அது தீப்பிடித்து எரிந்த கதையை பீட் என்ற துறவி 731இல் முடித்த தன் வரலாற்றில் சொல்கிறார். இடத்தை மட்டும் தெளிவாகச் சொல்லவில்லை. 'கோலுதின் கோட்டை' என்று பொருள்படும் பெயரை அவர் எழுதியிருந்ததால், கோட்டை என்றால் குன்றுதானே என்று முனையிலுள்ள கிர்க் ஹில்லையே பலரும் நம்பினார்கள். 1980இல் அங்கே தோண்டியபோது பழைய அரண் வெளிப்பட்டது. மடம் வெளிப்படவில்லை.

மடத்தின் தடம் கடைசியில் இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே, கோல்டிங்கம் ஊரில் கிடைத்தது. 1100ஐ ஒட்டி எழுந்த ஆண் துறவியர் மடத்தின் பக்கத்திலேயே டிக்வென்ச்சர்ஸ் என்ற தொல்லியல் குழு தோண்டிய குழிகளில் ஒடுங்கிய பெரிய அகழி ஒன்றும், வெட்டுத் தழும்புள்ள விலங்கு எலும்புக் குவியலும் வந்தன. அந்த எலும்புகளின் கரிமக் காலக்கணிப்பு 660 முதல் 860 வரை என்று 2019இல் அறிவித்தார்கள். குழி எங்கே போடுவது என்பதை நிலவியற்பியல் அளவையும் (தோண்டாமலே கருவியால் மண்ணுக்கடியைப் பார்ப்பது), ஊரில் முன்பே கிடைத்திருந்த ஆங்கிலோ-சாக்சன் சிற்பத் துண்டுகளின் இடமும் சேர்ந்து முடிவு செய்தன.

இந்த வழக்கில் எல்லா வழிமுறைகளும் வந்துபோகின்றன: ஏடு, பெயர், கருவி, மண்வெட்டி. ஒரு பருவத்துக்கு மட்டும் பணமும் ஆளும் உள்ள சிறு குழு இவற்றில் எதில் முதலில் கைவைக்க வேண்டும்? பிரிட்டனில் இதற்குப் பொதுவாகக் கேட்கும் பதில் 'எல்லாவற்றையும் செய்யுங்கள்' என்பது. அந்தப் பதில் யாருக்கும் உதவாது.

எந்த நூற்றாண்டு மடம்?

கருவியைத் தேர்வதற்கு முன் இதைத் தீர்க்க வேண்டும். 9ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய மடம் என்றால் மரக்கால், தட்டி, மண்பூச்சு, கூரைவேய்ச்சல். அப்படிப்பட்ட மடம் மண்ணில் விட்டுச்செல்வது தூண்குழிகளையும், வளாகத்தைச் சுற்றி வெட்டிய அகழியையும், சமையல் கழிவையும்தான். சுவரைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. பள்ளத்தைத் தேட வேண்டும்.

12ஆம் நூற்றாண்டு மடம் வேறு வகை. கல்லாலான தேவாலயம், அதை ஒட்டிச் சதுர முற்றம், முற்றத்தைச் சுற்றி உணவறையும் படுக்கையறையும். ஆனால் சினிமாவில் வரும் பெரிய ஆபிகளை (தலைமை மடங்களை) மனத்தில் வைத்துக்கொண்டு தேடக் கூடாது. எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்தபோது வந்த 1536 சட்டம் ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களைக் கலைத்தது. இங்கிலாந்தின் கன்னியர் மடங்களில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருந்தன. தேவாலயம் பல இடங்களில் பக்க இடைகழி இல்லாத ஒற்றை நீள்சதுரம். முற்றமும் சிறியது. ஓர் ஏக்கரை அடைத்துக்கொண்டு நிற்கும் கட்டடத்தைத் தேடுகிறவர் உண்மையான மடத்தை யாரோ ஒரு விவசாயியின் தொழுவம் என்று தாண்டிப் போய்விடுவார். இன்னொரு பொறி திசை. முற்றம் தேவாலயத்தின் தெற்கே இருக்கும் என்பது பாடநூல் விதி. கன்னியர் மடங்களில் வடக்கு முற்றம் அடிக்கடி வரும். வில்ட்ஷயரின் லேகாக்கில் முற்றம் இன்றும் வடக்கே நிற்கிறது. தேவாலயத்தைப் பிடித்தவுடன் தெற்கே மட்டும் குழி போட்டு, எதுவும் இல்லை என்று முடிவுகட்டுவது வழக்கமான தவறு.

ஏடு: மலிவானது, ஏமாற்றவும் செய்யும்

பத்து நாள் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தால் தேடும் பரப்பு ஒரு தேவாலயப் பங்கு முழுவதிலிருந்து சில வயல்களாகச் சுருங்கும். வேறு எந்த வழியும் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு தராது. இங்கிலாந்தில் 1535இன் திருச்சபை வருவாய்க் கணக்கு, மடம் கலைத்தபோது எழுதிய பொருள் பட்டியல்கள், 1836 சட்டத்துக்குப் பிறகு வரைந்த தசமபாக (தேவாலய வரி) வரைபடங்கள், அரசின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆறு அங்குல வரைபடத்தின் முதல் பதிப்பு என்று இந்த வரிசையில் போகலாம். தசமபாக வரைபடத்தோடு வரும் பட்டியலில் ஒவ்வொரு வயலுக்கும் பெயர் உண்டு, அதுதான் புதையல். ஸ்காட்லாந்தில் தசமபாக வரைபடம் கிடையாது. அங்கே 1747 முதல் 1755 வரை வில்லியம் ராய் என்ற அளவையாளர் தலைமையில் எடுத்த இராணுவ அளவைப் படம்தான் நவீன உழவு நிலத்தை மாற்றும் முன் இருந்த நிலையைக் காட்டும்.

கலைப்புப் பட்டியலில் ஈயக் கூரை எத்தனை, மணி எத்தனை என்பதோடு கண் நின்றுவிடக் கூடாது. ஆலை, மீன்குளம், நீரோடை, வாசல் வீடு எங்கே என்று ஓரிரு சொல் இருந்தால் அதுவே பெரிய துப்பு. துறவியர் எங்கே இருந்தாலும் தண்ணீர் வேண்டும். நம் கல்வெட்டுகளிலும் இதே துப்பு உண்டு: ஆற்காட்டுக்கு அருகே விளாப்பாக்கத்தில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு, பட்டினிக்குரத்தியடிகள் என்ற சமணத் துறவி தோண்டிய கிணற்றைச் சொல்லி, அதோடு சேர்த்தே 'பெண்பள்ளி' என்ற சொல்லையும் தருகிறது (பள்ளி என்றால் இங்கே சமணத் துறவியர் உறைவிடம்). இங்கிலாந்தில் கிணற்றின் இடத்தில் ஓடையும், அதிலிருந்து கழிப்பறைக்கு வெட்டிய கல் வாய்க்காலும் வரும். சுவரெல்லாம் பெயர்த்துப்போன பிறகும் அந்த வாய்க்கால் பல இடங்களில் மிஞ்சியிருக்கும். அது ஆழத்தில் இருப்பதால்.

ஏடு ஏமாற்றுவது பெயரில். 'மின்ச்சின்' என்பது பழைய ஆங்கிலத்தில் கன்னியரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. க்ளாஸ்டர்ஷயரின் மின்ச்சின்ஹாம்ப்டனில் அந்தப் பெயரை நம்பித் தோண்டினால் கன்னியர் மடம் வராது. நார்மண்டியின் கான் நகரக் கன்னியருக்கு அந்த நிலம் சொந்தமாக இருந்தது, அவ்வளவுதான். மடம் இருந்த வயலுக்கும் மடத்துக்குச் சொந்தமான வயலுக்கும் ஒரே பெயர் ஒட்டும். 'ஆபி' என்ற பெயரில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பணக்காரர்கள் வீடு கட்டியதும் உண்டு. பழைய வரைபடத்தில் கோதிக் எழுத்தில் 'கன்னியர் மடம் இருந்த இடம்' என்று அச்சாகியிருந்தாலும், பெரும்பாலும் அளவையாளர் உள்ளூர்க்காரரிடம் கேட்டு எழுதியதே அது. ஒரு பெயரை நம்ப வேண்டுமானால் அது 1600க்கு முந்தைய ஆவணம் ஒன்றிலாவது தலைகாட்ட வேண்டும். அருகே தண்ணீரும் இருக்க வேண்டும்.

மேலிருந்து பார்த்தல்

லைடார் உயரப் படங்கள் (விமானத்திலிருந்து லேசர் ஒளியால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்தவை) இங்கிலாந்து முழுவதற்கும் ஒரு மீட்டர் நுணுக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேய்ச்சல் நிலத்திலும் காட்டிலும் இதற்கு நிகரில்லை. வளாகக் கரை, மீன்குளம், தாழ்ந்த பழம்பாதை எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெரியும். நிழல் படத்தை ஒரே திசை வெளிச்சத்தில் மட்டும் பார்த்தால், அந்தத் திசைக்கு இணையாக ஓடும் கரைகள் மறைந்துவிடும். எட்டுத் திசையிலும் வெளிச்சம் போட்டுப் பார்க்க வேண்டும். முந்நூறு ஆண்டு உழுத வயலில் லைடாரால் பெரிய பயன் இல்லை.

அங்கேதான் பயிர்க்குறி கைகொடுக்கும். புதைந்த சுவருக்கு மேல் பயிர் முன்னமே மஞ்சளாகும். புதைந்த அகழிக்கு மேல் ஈரம் தங்கி உயரமாகப் பச்சையாக நிற்கும். பார்லி, கோதுமை, சரளை மண் அல்லது சுண்ணாம்பு நிலம், ஜூன் ஜூலை வறட்சி ஆகியவை ஒன்றுசேர வேண்டும். 1976, 2018 போன்ற காய்ந்த கோடைகளின் படங்களை முதலில் எடுத்துப் பார்ப்பது நல்லது. களிமண் மேய்ச்சல் நிலத்தில் வெறும் படம் காட்டி, 'எதுவும் இல்லை' என்று சொல்லிவிட முடியாது.

மேலிருந்து பார்ப்பதன் வரம்பு ஒன்றுதான். அகழி சூழ்ந்த ஜமீன் வீடும் அகழி சூழ்ந்த கன்னியர் மடமும் மேலிருந்து ஒன்றுபோலவே இருக்கும்.

மூன்று கருவிகள்

குழுக்கள் அதிகம் பணத்தை வீணாக்குவது இங்கேதான். ஆகவே விரிவாகப் பார்ப்போம். காந்தமானி மண்ணின் காந்த வித்தியாசத்தை அளக்கும், மின்தடை அளவை மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும், ராடார் மண்ணுக்குள் அனுப்பித் திரும்பி வரும் ரேடியோ அலையைப் பார்க்கும்.

நான்கு ஹெக்டேர் வயல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தமானியை ஒரு மீட்டர் இடைவெளிக் கோடுகளில், கோட்டில் கால் மீட்டருக்கு ஓர் அளவு என்று கொண்டுபோனால், இரட்டை உணரி வைத்த கருவியோடு நடை 20 கிலோமீட்டர். இருவர் மூன்று நான்கு நாளில் முடித்துவிடலாம். மின்தடை அளவையில் அதே வயல் 20 மீட்டர் சதுரங்களாக நூறு. ஒவ்வொன்றிலும் 400 முறை கம்பி குத்த வேண்டும். நாளுக்கு ஆறேழு சதுரம் என்றால் பதினைந்து நாள். தரை ஊடுருவும் ராடாரை அரை மீட்டர் இடைவெளியில் தள்ளினால் 80 கிலோமீட்டர் நடை. சிறு கட்டடத்தைத் தெளிவாகப் பார்க்க இடைவெளியைக் கால் மீட்டராகக் குறைத்தால் 160. கேட்கும்போதே கால் வலிக்கும்.

வேகத்தை மட்டும் பார்த்தால் காந்தமானிதான். ஆனால் அது பார்ப்பது வேறு. மேல்மண் காந்தத்தன்மை மிகுந்தது. அது அகழியில் விழுந்து நிறையும்போது சுற்றியுள்ள அடிமண்ணிலிருந்து சில நானோடெஸ்லா (காந்தப்புலத்தின் மிகச் சிறு அலகு) வித்தியாசம் காட்டும். அடுப்பு, சூளை, எரிந்த தரை இன்னும் பளிச்சென்று தெரியும். சுண்ணாம்புக்கல் சுவர் பெரும்பாலும் மங்கலாகவே தெரியும், சில நிலங்களில் தெரியவே தெரியாது. ஆகவே ஏபேயின் காலத்து மடத்துக்குக் காந்தமானி. 12ஆம் நூற்றாண்டுக் கல் மடத்தை இதை மட்டும் நம்பித் தேடுவது தவறு.

காந்தமானி கெடுவது பெரும்பாலும் இரும்பால். கம்பிவேலி, குழாய், நிறுத்திய கார் ஆகியவற்றிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். நடப்பவரின் பெல்ட், ஜிப், ஷூவின் உலோக வளையம், கைபேசி எல்லாம் கழற்ற வேண்டும். நகரக் குப்பையிலிருந்து செய்த உரத்தைக் கொட்டிய வயலில் சிறு உலோகத் துண்டுகள் நிறைந்திருக்கும்; படம் முழுக்க உப்பும் மிளகும் தூவியதுபோல் வரும், சரிசெய்ய வழியில்லை. உரிமையாளரிடம் இந்தக் கேள்வியை முன்கூட்டியே கேளுங்கள். எரிமலைப் பாறை இன்னொரு தலைவலி. செயின்ட் ஆப்ஸ் ஹெட் முனையே பழைய எரிமலைக் குழம்புப் பாறைதான். பாறையின் சொந்தக் காந்தத்துக்கு நடுவே மெல்லிய அகழியைப் பிரித்தறிவது கடினம். இணையான வரிகள் தெரிந்தால் உடனே கட்டடம் என்று குதிக்கவும் வேண்டாம். இடைக்கால உழவு வரப்புகளும், 19ஆம் நூற்றாண்டு வடிகால் குழாய்களும் அப்படித்தான் வரும். மீன்முள் போல் கிளை பிரிந்தால் அது வடிகால்.

மின்தடை அளவை மெதுவானது. கன்னியர் மடத்துக்கு அதுவே ஏற்றது என்பது எங்கள் கணிப்பு. அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு முனை கொண்ட சட்டம், முக்கால் மீட்டர் ஆழம் வரை பார்க்கும். மடத்தின் அடித்தளம் பல இடங்களில் அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. சுவர் மின்சாரத்தைத் தடுக்கும், ஈர அகழி விடும். கல்லைப் பெயர்த்த பள்ளம் மட்டும் மிஞ்சியிருந்தாலும், இடிபாட்டால் நிறைந்திருந்தால் உயர்வாகவும், நல்ல மண்ணால் நிறைந்திருந்தால் தாழ்வாகவும் வந்து சுவரின் வடிவத்தை வரைந்துவிடும். நிலையான இரு முனைகளை நகரும் சட்டத்திலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளிக் குத்த வேண்டும், முனை இடைவெளியின் முப்பது மடங்கு. இதைக் குறைத்தால் சதுரத்துக்குச் சதுரம் படம் பொருந்தாமல் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். நடுவில் கனமழை பெய்தாலும் அப்படியே ஆகும்: திங்கள்கிழமைச் சதுரத்தின் எண்ணும் வியாழக்கிழமை எண்ணும் ஒத்துப்போகாது. பழைய சதுரத்தின் ஓரம் ஒன்றைத் திரும்ப அளந்துவிட்டுத் தொடரலாம். நெடுநாள் வறண்ட நிலத்தில் முனை தொடர்பே கொள்ளாது. தண்ணீர் தேங்கிய நிலத்தில் எல்லாம் ஒரே சாம்பலாகும். வசந்தகாலம் பெரும்பாலும் தோதான பருவம்.

ராடார் ஆழத்தைப் பிரித்துக் காட்டும் என்பதுதான் அதன் தனிச்சிறப்பு. 400 மெகாஹெர்ட்ஸ் அளவிலான ஆண்டெனா நல்ல மண்ணில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரை போகும். தார்ச்சாலை, தேவாலயத் தரை, பள்ளி முற்றம் என்று மற்ற இரண்டும் நுழைய முடியாத இடத்திலும் ஓடும். களிமண்ணில் அலை உறிஞ்சப்பட்டு அரை மீட்டரிலேயே குருடாகிவிடும். உழுத கட்டி நிலத்தில் ஆண்டெனா துள்ளித் துள்ளிப் படம் கெடும். கணினியில் வண்ணமயமான ஆழ அடுக்குகளைப் பார்த்து மயங்கி, முதல் பணத்தை ராடாருக்கே கொட்டுகிற குழுக்கள் உண்டு. மண் வரைபடத்தைப் பத்து நிமிடம் பார்த்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

கையால் பொறுக்குவது

உழுது மழை பெய்து மண் கழுவிய பிறகு வயலில் பத்து மீட்டர் இடைவெளியில் நடந்து, இருபது மீட்டருக்கு ஒரு பை என்று பொறுக்குவது ஆறு பேருக்கு ஒருநாள் வேலை. கழுவி வகைபிரிக்க இன்னும் மூன்று நாள். பானை ஓடு எல்லா வயலிலும் கிடைக்கும். இடைக்காலத்தில் குப்பையையும் எருவையும் சேர்த்தே வயலில் கொட்டினார்கள். அந்த ஓடுகள் சிறியவை, ஓரம் தேய்ந்தவை, பரவலாகக் கிடப்பவை. ஒரே இடத்தில் பெரிய, முனை மழுங்காத ஓடுகள் சேர்ந்தால்தான் கவனிக்க வேண்டும். இன்னும் நல்ல அடையாளம் மெருகிட்ட தரை ஓடு, சன்னல் ஈயப்பட்டை, வர்ணம் பூசிய கண்ணாடி. உழவன் வீட்டில் இவை இருக்காது. முற்கால மர மடத்துக்கு இந்த வழி கிட்டத்தட்ட உதவாது.

மண்வெட்டி

மூன்று கருவியும் சேர்ந்து சொன்னாலும் அது சதுரம், கோடு, பள்ளம் மட்டுமே. காலத்தைச் சொல்ல மண்ணைத் திறக்க வேண்டும்.

ஊர் வளர்ந்து மடத்தின் மேலேயே வீடு கட்டிவிட்ட இடத்தில் தோட்டங்களில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சோதனைக் குழி போடலாம். பத்து சென்டிமீட்டர் அடுக்காக இறங்கி, எல்லா மண்ணையும் சலிக்க வேண்டும். மூன்று பேருக்கு ஒரு குழி இரண்டு நாள். இருபது குழி போட்டால், எந்த நூற்றாண்டில் ஊரின் எந்த மூலையில் ஆள் இருந்தார்கள் என்ற படம் கிடைக்கும். சுவரின் குறுக்கே குழி விழுவது அதிர்ஷ்டம். அதை எதிர்பார்த்துத் திட்டமிடக் கூடாது.

திறந்த வயலில் பல்லில்லாத வாளி வைத்த இயந்திரத்தால் இரண்டு மீட்டர் அகல நீள்குழி வெட்டுவது மேல். முற்கால மடத்துக்கு வளாக அகழியைச் செங்குத்தாக வெட்டும் ஒற்றைக் குழி, உள்ளே சிதறலாகப் போட்ட பத்துக் குழியைவிட அதிகம் சொல்லும். கழிவெல்லாம் அகழியில்தான் விழும். கோல்டிங்கத்திலும் காலத்தைத் தந்தது எலும்புக் குவியல்தான்.

காலக்கணிப்பு மாதிரியில் இரண்டு தவறு திரும்பத் திரும்ப நடக்கும். ஒன்று, பெரிய ஓக் கரித்துண்டை அனுப்புவது. இருநூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் உட்பகுதி அடுப்பு எரிந்த ஆண்டைச் சொல்லாது, மரத்தின் இளமையைச் சொல்லும். கருகிய தானியமோ, மூட்டு பிரியாமல் கிடந்த விலங்கு எலும்போ போதும். மற்றொன்று, ஒரே மாதிரியோடு நிறுத்துவது. அகழியின் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் குறைந்தது நான்கு வேண்டும். கடற்கரை ஊரில் மனித எலும்பை அனுப்பினால் மீன் உணவால் வயது கூடித் தெரியும், அதற்கான திருத்தம் கேட்டுப் பெற வேண்டும்.

பெண் எலும்புக்கூடுகள் வந்தால் கன்னியர் மடம் உறுதி என்று நினைப்பதும் அவசரம். ஆக்ஸ்ஃபோர்டின் லிட்டில்மோர் கன்னியர் மடத்தில் 92 உடல்கள் எடுத்ததில், பால் கண்டறிய முடிந்தவர்களில் 35 பேர் பெண்கள், 28 பேர் ஆண்கள். கொடையாளிகளையும் ஊராரையும் அங்கேதான் புதைத்தார்கள்.

அனுமதி இல்லாமல் எதுவும் தொடங்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த நிலத்தில் தோண்ட, பழஞ்சின்னங்களுக்கான 1979 சட்டப்படி ஒப்புதல் தேவை. இங்கிலாந்தில் காந்தமானியைக் கொண்டு நடக்கவும், மெட்டல் டிடெக்டர் பிடிக்கவும்கூட அதே சட்டத்தின் 42ஆம் பிரிவில் தனி உரிமம் வேண்டும். மனித எலும்பு வரும் என்று தெரிந்தால் இங்கிலாந்தில் நீதி அமைச்சகத்தின் உரிமத்தை முன்பே வாங்கி வைக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் கிடைக்கும் பழம்பொருள் அரசுக்குரியது, அறிவித்தாக வேண்டும்.

எதை எப்போது

தேடுவது 9ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய மடம், நிலம் உழவு வயல், பாறை எரிமலைப் பாறை அல்ல என்றால்: பத்து நாள் ஏடு, பிறகு முழுப் பரப்பும் காந்தமானி, பிறகு அகழியில் ஒரே குழி. பின்னாளில் வந்த தேவாலயத்தின் பக்கத்தை முதலில் பாருங்கள். கோல்டிங்கம் மட்டுமல்ல, மெர்சியா என்ற பழைய ஆங்கிலேய அரசின் மன்னன் ஆஃபாவின் கைம்பெண் சினெத்ரித் தலைவியாக இருந்த குக்கம் மடமும் 2021இல் ஊர்த் தேவாலயத்தின் அருகிலேயே ரெடிங் பல்கலைக்கழகக் குழுவுக்குக் கிடைத்தது. புனிதமான இடத்தை மக்கள் எளிதில் விட்டுப் போவதில்லை. தனிமையான குன்று அழகாக இருக்கலாம். ஆதாரம் பெரும்பாலும் கல்லறைத் தோட்டத்து மதிலோரம் கிடக்கும்.

12ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தைய கல் மடம், மேய்ச்சல் நிலம் என்றால் லைடாரில் வளாகத்தைப் பிடித்து, அதற்குள் ஓர் ஹெக்டேருக்கு மட்டும் மின்தடை அளவை. இருபத்தைந்து சதுரம், நான்கு நாள். இதே மடம் உழவு வயலில் என்றால் மின்தடைக்கு முன் ஒருநாள் பொறுக்குங்கள், எந்த ஹெக்டேர் என்பதைத் தரை ஓடு சொல்லிவிடும். ஊருக்குள் என்றால் சோதனைக் குழிகள். மண் மணலாக இருந்தால் சாலையிலும் முற்றத்திலும் ராடார்.

எல்லா வழிக்கும் பொதுவான செலவு ஒன்று உண்டு. நான்கு கரிம மாதிரிகளுக்கான பணத்தை இயந்திர வாடகைக்கு முன் தனியாக எடுத்து வையுங்கள். அகழி கிடைத்து, எலும்பும் கிடைத்து, மாதிரி அனுப்பப் பணமில்லாமல் பெட்டியில் காத்திருக்கும் தோண்டல்கள் குறைவில்லை.